மூன்று விரல் நுழையாத வாய்

நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்தில், மஞ்சூர்ப் பக்கம் இருக்கிறது பிக்கட்டி. பெயருக்குப் பேரூராட்சி, பார்வைக்குத் தேயிலைச் சரிவும் கேரட் தோட்டமுமாக விரியும் மலை ஊர். இன்கோசர்வ் நிறுவனத்தின் கீழ் இயங்கும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றும் இங்கே உண்டு. இந்தப் பக்கத்து டீக்கடைகளில் கண்ணாடி டம்ளருக்குத் துணையாக வருவது வர்க்கி. அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதை டீயில் நனைக்காமல் அப்படியே கடித்துத் தின்ன முடிகிறவருக்குத் தாடையில் குறை எதுவும் இருக்காது. தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டைத் துடைத்துவிட்டு நறுக்கென்று கடிக்க முடிகிறவருக்கும் அப்படியே.

முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காதுக்கு முன்னால் வலி. கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது. இன்னொருவருக்கு வலியே கிடையாது. ஆனால் சோற்று உருண்டையை வழக்கமான அளவில் பிடித்தால் வாய்க்குள் போவதில்லை, கொஞ்சம் சின்னதாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாமவர்தான் மருத்துவரிடம் போகாமலே வருடக்கணக்கில் காலத்தைத் தள்ளுகிறவர்.

வாய் போதுமான அளவு திறக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கலாம். சொந்த விரல்களாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பெரியவர்களுக்கு இந்த இடைவெளி பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர். புற்றுநோய் மருத்துவத்தில் 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய் திறப்பு குறைந்துவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு விரல் மட்டும் நுழைந்தால் காரணம் தேட வேண்டும். ஒன்றுதான் நுழைகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது.

காரணம் தேடுவதற்கு முன், வாய் எப்படித் திறக்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடினால் தோலுக்கடியில் ஒரு குமிழ் அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. முதல் 20, 25 மில்லிமீட்டர் வரை அது கதவுக் கீல் போலச் சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க, அந்தக் குமிழ் தன் குழியை விட்டு முன்பக்கமாக வழுக்கி இறங்க வேண்டும். உடம்பில் இப்படிச் சுழலவும் வழுக்கவும் செய்யும் மூட்டுகள் குறைவு. போதாததற்கு, இடமும் வலமும் உள்ள இரண்டு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்று முரண்டு பிடித்தால் இன்னொன்று தனியாக எதுவும் செய்ய முடியாது. இடது மூட்டு வழுக்க மறுத்தால், வாய் திறக்கும்போது மோவாய் இடப்பக்கமே கோணிக்கொண்டு போகும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் அவரவரே கண்டுகொள்ளலாம்.

குமிழுக்கும் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. அது இடம் பெயர்ந்தால் வாய் திறக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வரும். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. உலகத்தில் எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது. கவனிக்க வேண்டியது நேர்மாறான நிலை. பல மாதமாக டக் டக் என்று கேட்டுக்கொண்டிருந்த மூட்டு ஒரு நாள் காலையில் சத்தத்தை நிறுத்திவிடும். கூடவே வாயும் 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காது. வட்டு முன்னால் போய்ச் சிக்கிக்கொண்டு, குமிழ் இறங்கும் வழியை மறித்துவிட்டது என்று அர்த்தம்.

வாய் திறக்காமல் போனால் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது இரணஜன்னிதான். துருப்பிடித்த ஆணி, சாணம் கலந்த மண், ஆறாத புண் என்று பாட்டிமார் பயமுறுத்தியதில் உண்மை உண்டு. மண்ணில் வாழும் கிருமி சுரக்கும் நச்சு, தசைகளைத் தளர்த்தும் நரம்புச் சமிக்ஞையைத் தடுத்துவிடுகிறது. தாடைத் தசைகள்தான் பெரும்பாலும் முதலில் இறுகுகின்றன. இந்த விஷயத்தில் நீலகிரிக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பங்கும் இருக்கிறது. 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் ஆய்வகம் வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர் போனது. பிற்காலத்தில் இரணஜன்னியையும் சேர்த்துத் தடுக்கும் முத்தடுப்பு மருந்தை நாட்டுக்குத் தயாரித்துக் கொடுத்த மிகச் சில அரசு நிலையங்களில் அதுவும் ஒன்று. தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. இன்றும் தோட்டத்தில் காயம்பட்ட ஓரிரு வாரத்தில் தாடை இறுகினால், அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நேரம். அங்கே உடற்பயிற்சிக்கு இடமில்லை.

ஆணியும் மண்ணும் அடங்கிய இடத்தில் இன்று பாக்கு உட்கார்ந்திருக்கிறது.

1952இல் ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் இருந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய்க்குள் விநோதமான இறுக்கத்தைக் கண்டு எழுதினார். மறு ஆண்டு மும்பையின் காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ். ஜி. ஜோஷி, வாயின் உட்தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகும் நோய் என்று அதற்குப் பெயர் வைத்தார். காரணம் பாக்கு என்று நிலைநாட்டப் பல ஆண்டுகள் ஆயின. பாக்கில் உள்ள அரிகோலின், நார் உற்பத்தி செய்யும் செல்களைத் தூண்டுகிறது. பாக்கில் செம்பும் அதிகம். அது நாரிழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியை வேகப்படுத்துகிறது. புதிதாக நார் விளைகிறது, விளைந்த நார் கரையாமல் இறுகுகிறது. முதலில் மிளகாய் பட்டால் எரியும். ரசம் கூட எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு மாதிரி பட்டைகள் தட்டுப்படும். விசில் அடிக்க வராது. விறகடுப்பை ஊதாங்குழலால் ஊத வராது. கடைசியில் வாய் திறக்காது. மூட்டு அப்போதும் நன்றாகத்தான் இருக்கும், இறுகியது கன்னம்.

பாக்கு மெல்லுவதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சேர்த்தது. புகையிலை சேராத வெறும் பாக்குக்கும் அந்த முடிவு பொருந்தும். ‘நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்’ என்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த இறுக்கம் வந்த 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு வாய்ப்புற்று வந்தது என்று 1985இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

தேயிலைத் தோட்டங்களுக்கும் வெற்றிலைக்கும் உள்ள உறவு பழையது. குளிரில், மழையில், அட்டைக்கடியில் இலை பறிப்பவருக்கு வாயில் அடக்கிய வெற்றிலை பாக்கு சூடும் சுறுசுறுப்பும் தருகிறது. பசியையும் கொஞ்சம் மறக்கடிக்கிறது. இலங்கையின் மலையகத் தோட்டத் தொழிலாளர்களிடையே வாய்ப்புற்றும் அதற்கு முந்தைய நிலைகளும் எவ்வளவு என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து 2007இல் எழுதியிருக்கிறார்கள். வெற்றிலை போடும் பழக்கத்தைப் பெரும் காரணிகளுள் ஒன்றாக அந்த ஆய்வு காட்டியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் கணிசமானோர் வந்து சேர்ந்த இடம் நீலகிரி. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனமாக ஆனது. மலையிலிருந்து மலைக்கு வந்தவர்களோடு வெற்றிலைப் பையும் வந்திருக்காது என்று நினைக்கக் காரணம் இல்லை. இப்போது அந்தப் பையை விட ஆபத்தானது பொட்டலம். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை சேர்த்த பான் மசாலாவுக்கும் 2013இலேயே தடை வந்தது. வெற்றிலையின் ஈரம் கூட இல்லாமல் காய்ந்த பாக்குத்தூளாக வரும் பொட்டலச் சரக்கு, வாயை இன்னும் சீக்கிரம் இறுக்குகிறது. பாதிக்கப்படுவோரில் இளைஞர்கள் கூடியதற்கு அது முக்கியக் காரணம்.

ஆக, வாய் திறக்கவில்லை என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், பிசியோதெரபிஸ்ட் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது பூட்டு எங்கே இருக்கிறது என்பதை. தசையிலா, மூட்டிலா, கன்னத்திலா? தசை என்றால், சிகிச்சையாளர் கையால் மெல்ல அழுத்தும்போது வாய் இன்னும் கொஞ்சம் திறக்கும். வலிக்கும், ஆனால் திறக்கும். வட்டு சிக்கிய மூட்டோ, நார் படிந்த கன்னமோ என்றால் எதிலோ இடித்தது போல நின்றுவிடும். ஞானப்பல் எடுத்த பிறகோ, பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகோ சில நாள் வாய் திறக்காமல் போவதும் தசை வகைதான். வெந்நீர் ஒத்தடமும் மெதுவான அசைவும் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

தாடை மூட்டு வலியின் வரலாற்றில் அவசரம் பல பேரைக் கெடுத்திருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல், கடைவாய்ப் பற்கள் விழுந்துபோவதால் மூட்டு நசுங்கிக் காதுவலி வரை வருகிறது என்றார். உடனே பல்லை உயர்த்துவது, பல்லை ராவுவது என்று ஒரு யுகமே நடந்தது. அவருடைய விளக்கம் பின்னால் நிற்கவில்லை. 1950களிலும் 60களிலும் கவனம் தசைக்கும் மன இறுக்கத்துக்கும் மாறியது. பிறகு மறுபடி மூட்டுக்கு. 1980களில் வட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கை வட்டை ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தினார்கள். அது உள்ளே தேய்ந்து, பொடிந்து, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. அமெரிக்க அரசு 1990இல் அதைத் திரும்பப் பெற வைத்தது. தோசைக்கல் பூச்சைத் தாடைக்குள் வைத்த அந்தக் கதையை இன்றைய நோயாளிகள் அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால் ‘ஆபரேஷன் பண்ணிடலாமா?’ என்ற கேள்வி இன்றும் முதல் நாளே வருகிறது.

பதில் 2023 டிசம்பரில் தெளிவாக வந்தது. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கான சிகிச்சைகளை எல்லாம் எடைபோட்டுப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், வலுவாகப் பரிந்துரைத்தவை பெரும்பாலும் கையாலும் பயிற்சியாலும் செய்பவை: சிகிச்சையாளர் கைபிடித்துத் தாடையை அசைத்தல், தசை முடிச்சுகளை அழுத்தி விடுதல், மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கழுத்து–தோள் நிலையைத் திருத்தும் பயிற்சி, வலியைக் கையாள மனப் பழக்கப் பயிற்சி. வட்டை அகற்றும் அறுவையையும், பல் கடிப்பை மீள முடியாதபடி மாற்றும் வாய்த் தகடுகளையும் வேண்டாம் என்றது.

அந்தப் பயிற்சிகள் பார்க்க ஒன்றுமில்லாதவை போல இருக்கும். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் வைத்து, அங்கிருந்து நழுவவிடாமல் வாயை மெல்லத் திறக்க வேண்டும். நாக்கு ஒட்டியிருக்கும்வரை குமிழ் முன்னால் பாயாமல் இடத்திலேயே சுழலும். சத்தம் போடும் மூட்டுக்கு இது அடக்கம் கற்றுக்கொடுக்கிறது. சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ இதையும் சேர்த்து ஆறு பயிற்சிகளை வகுத்தார்; ஒவ்வொன்றும் ஆறு முறை, நாளைக்கு ஆறு தடவை. கழுத்தும் இந்தக் கணக்கில் உண்டு. முகத்தின் வலிச் செய்தியைச் சுமக்கும் நரம்பும், கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரே நிலையத்தில் சந்திக்கின்றன. அதனால் கழுத்துவலியும் தாடைவலியும் ஒருசேர வருவதில் ஆச்சரியமில்லை. பச்சை இலை மூட்டையும் விறகுக் கட்டும் சுமக்கும் பெண்ணுக்குத் தாடைப் பயிற்சியை மட்டும் சொல்லி அனுப்பினால் வேலை பாதியிலேயே நிற்கும்.

பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது இன்னொரு வழக்கம். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. உதடு மூடியிருக்க, பல் விலகி, நாக்கு அண்ணத்தில் படிந்திருப்பதுதான் தாடைக்கு ஓய்வு. சாப்பாடு, விழுங்கல் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பற்கள் உரசும் நேரமே சுமார் 20 நிமிடம்தான் என்று பழைய ஆய்வுகள் கணித்தன. பனியில் நடுங்கிக்கொண்டு தாடையை இறுக்கியபடியே வேலை செய்பவர் அந்தக் கணக்கை எங்கேயோ தாண்டிவிடுகிறார். வலி உள்ள நாட்களில் சாப்பாட்டிலும் இரக்கம் வேண்டும். ராகிக் களியும் கீரையும் மலைக்குப் பழக்கமானவை, மெல்லும் வேலையும் குறைவு. முறுக்கு, கரும்பு, பச்சைக் கேரட் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். வர்க்கியை நனைத்தே தின்னலாம்.

கன்னம் இறுகியவருக்கு வேறு ஆயுதம், அதுவும் அற்ப விலையில்: ஐஸ் குச்சி. மருத்துவமனையில் நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான மரக்குச்சியும் அதே சாதிதான். வாய் எவ்வளவு திறக்கிறதோ அத்தனை குச்சிகளை அடுக்கி, பற்களுக்கு நடுவே நுழைத்து நிறுத்தி வைப்பார்கள். சில நாளில் இன்னொரு குச்சி. சிட்னியின் காக்ஸ், சோல்னர் இருவரும் நேபாளத்தில் பாக்கால் வாய் இறுகிய 54 பேரிடம் இதைச் சோதித்து 2009இல் எழுதினார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஐந்து முறை குச்சிப் பயிற்சி, ஐந்து முதல் பத்து நாளுக்கொரு குச்சி கூடுதல். இன்னொரு குழுவுக்குக் கன்னத்தில் ஸ்டீராய்டு கலந்த ஊசி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, வாய் திறப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடியது குச்சிக் குழுவுக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் வாராவாரம் ஊசி போட மலையிறங்க வேண்டியவருக்கு இது பெரிய செய்தி. ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது: பாக்கை நிறுத்தாமல் குச்சியை அடுக்குவது வீண். குச்சி வாயைத் திறக்க உதவும். அந்தத் தோல் புற்றாக மாறும் அபாயத்தை அது தொடுவதில்லை. அதனால் வாய் திறந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கும் ஒரு கோடு உண்டு. நீட்டும்போது இழுபறியாக வலித்து, எடுத்ததும் தணிந்தால் சரி. மறுநாள் வரை வலி நின்றால், அடுத்த நாள் ஒரு குச்சி குறைய வேண்டும்.

பயிற்சிக்கு மாற்றே இல்லாத இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒன்று, வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள். கதிர் பட்ட தாடைத் தசை மாதங்கள் போகப்போக இறுகும். திறப்பு குறைந்த பிறகு தொடங்குவதைவிடச் சிகிச்சை நடக்கும்போதே தொடங்குவது மேல். இன்னொன்று, சின்ன வயதில் படியிலோ பாறையிலோ விழுந்து மோவாயில் அடிபட்ட குழந்தைகள். உள்ளே முறிந்த குமிழ் குழியோடு ஒட்டி எலும்பாகிவிட்டால் அறுவை தவிர வழியில்லை. அமெரிக்க மருத்துவர் லெனார்ட் கபன் 1990இல் வகுத்த முறை, அறுவை முடிந்த சில நாளிலேயே பயிற்சி தொடங்கச் சொல்கிறது. வீட்டில் குழந்தை அழுகிறதே என்று பயிற்சியை விட்டால் எலும்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும். மறுபடி அறுவை.

உதகையில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனையும் திறந்தது. ஆனால் தாடைப் பயிற்சி என்பது ஒருநாள் போய்வரும் காரியம் இல்லை, வாரக்கணக்கில் நடக்கும் வேலை. பஸ்ஸைப் பிடித்து ஒருநாள் கூலியை விட்டுப் போகிறவர் இரண்டாம் முறை வருவாரா என்பது சந்தேகம். இதற்கான வழி அரசிடம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்த கைகாலுக்கு வருகிறவர், தாடைக்கும் வரலாம். இலங்கையின் நடு மலைப் பகுதியில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்துக்காட்டினார்கள் என்பது 1984இலேயே பதிவானது. நாற்பது ஆண்டு பழைய அந்த வேலையை இந்த மலையில் செய்ய முடியாது என்று சொல்ல ஒரு நியாயமும் இல்லை.

வீடு தேடி வருகிறவரின் பையில் ரத்த அழுத்தக் கருவியோடு ஒரு டார்ச்சும், மில்லிமீட்டர் குறித்த ஒரு பிளாஸ்டிக் அளவுகோலும், ஒரு கட்டு மரக்குச்சியும் இருக்க வேண்டும். பாக்கு போடுகிறவரின் வாய் திறப்பை ஆண்டுக்கொருமுறை அளந்து அட்டையில் எழுத வேண்டும். சுகாதாரத் துறை இதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டாதவை சில உண்டு: வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றாலோ, காரம் புதிதாக எரிந்தாலோ, கன்னத்தின் உள்ளே வெள்ளையோ சிவப்போ தெரிந்தாலோ, சோற்று உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தாலோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டிவிடுங்கள்.